ஸ்க்ரூடிரைவர் காலத்துக் கணினிகள்

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் இரண்டு பிராசசர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. மொத்தமாக வாங்குவோருக்கே ஒன்றின் விலை 669 டாலர். மற்றொன்று சிக்கனக்காரர்களுக்கான செலரான் 300ஏ. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். விலைப்பட்டியலின்படி இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் வீட்டு மேஜையில் தாமே கணினி பூட்டிக்கொண்டிருந்த இளைஞர்களிடையே சீக்கிரமே ஒரு சேதி பரவியது: 149 டாலர் சில்லை 669 டாலர் சில்லின் வேகத்தில் ஓட்டிவிடலாம்!

அது எப்படி? பிராசசர் தன்னந்தனியாக ஒரு வேகத்தில் ஓடுவதில்லை. மதர்போர்டு ஓர் அடிப்படைத் துடிப்பைக் கொடுக்கிறது. பிராசசர் அதைத் தனக்குள் சில மடங்காக்கிக்கொள்கிறது. கச்சேரியில் பாடகர் போடும் தாளத்துக்குள்ளேயே மிருதங்கக்காரர் நாலு மடங்கு வேகத்தில் வாசிப்பதைப் போல. செலரான் 300ஏ-வில் இந்தப் பெருக்கல் 4.5 மடங்கு என்று தொழிற்சாலையிலேயே பூட்டிவிட்டார்கள். போர்டின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ் என்றால் 300 கிடைக்கும். அதே போர்டை 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 450!

ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில், கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸின் திரைக்குள் போய் எண்ணை மாற்றினாலே போதும். அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், பிராசசர் அட்டையின் விளிம்பில் வரிசையாக இருக்கும் தொடர்புப் பட்டைகளில் பி21 என்ற ஒன்றை மட்டும் செலோடேப் துணுக்கால் மூடினார்கள். வந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் பிராசசர்தான் என்று போர்டு நம்பிவிடும். பென்டியம் 2-இல் கேச் என்ற துணை நினைவகம் 512 கேபி; அது தனிச் சில்லுகளில் இருந்து பாதி வேகத்தில் ஓடியது. செலரான் 300ஏ-வில் இருந்தது 128 கேபி மட்டுமே. ஆனால் பிராசசர் சில்லுக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. அதனால் பல விளையாட்டுகளில் இரண்டையும் பிரித்துச் சொல்வதே கடினமாக இருந்தது.

கால் நூற்றாண்டு கடந்தும் இந்தச் சில்லின் பெயரைக் கேட்டால் ஒரு தலைமுறையின் முகம் மலர்கிறது. இன்று சட்டைப்பையில் கிடக்கும் சாதாரணக் கைப்பேசி அதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் அந்தக் கைப்பேசிக்குள் என்ன நடக்கிறது என்று அதை வைத்திருப்பவருக்குத் தெரியாது. திறந்து பார்க்கவும் வழியில்லை. செலரான் வைத்திருந்தவருக்குத் தெரியும். பழைய பிராசசர்கள் மேல் இவ்வளவு பேருக்கு ஏக்கம் இருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஐபிஎம் திறந்துவிட்ட கதவு

கணினியை யார் வேண்டுமானாலும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம் என்ற நிலை திட்டமிட்டு வந்ததல்ல. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதைச் செய்த குழு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் போக்கா ராட்டன் என்ற ஊரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கியது. கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறக்குறைய ஓராண்டு. அதற்குள் எல்லாவற்றையும் சொந்தமாக உருவாக்க முடியாது. எனவே சந்தையில் கிடைத்த பாகங்களையே பொறுக்கி எடுத்தார்கள். பிராசசர் இன்டெல்லின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் கையேடாகவே அச்சிட்டு விற்றார்கள். மற்ற நிறுவனங்கள் இணைப்பு அட்டைகள் செய்து விற்றால் தங்கள் கணினிக்கு மவுசு கூடும் என்பது கணக்கு.

ஐபிஎம்முக்கு மட்டுமே உரியதாக இருந்தது அந்த பயாஸ் நிரல் ஒன்றுதான். ஹூஸ்டன் நகரில் தொடங்கிய காம்பேக் நிறுவனம் அதற்கும் வழி கண்டது. ஒரு குழு பயாஸ் என்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தந்தது. மூல நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக நிரல் எழுதியது. சட்டப்படி இது நகல் ஆகாது. பின்னர் ஃபீனிக்ஸ் என்ற நிறுவனம் இதே முறையில் ஒரு பயாஸைத் தயாரித்து, கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்தது. அதன்பின் தைவானின் சிறு தொழிற்சாலைகள் மதர்போர்டுகளைச் செய்து உலகமெங்கும் அனுப்பத் தொடங்கின. கேபினெட், பவர் சப்ளை, போர்டு, பிராசசர், ரேம் என எல்லாம் தனித்தனியே கடைக்கு வந்தன. வாங்கிப் பூட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

அப்படிப் பூட்டப்பட்ட சாதாரணக் கணினிகள் பெரிய காரியங்களுக்கும் பிறப்பிடமாயின. 1991 ஜனவரியில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினியை வாங்கினார். புதிய பிராசசரின் வசதிகளை அறிந்துகொள்ளும் ஆர்வத்தில் அதன்மேல் சொந்தமாக நிரல் எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு அது லினக்ஸாக வெளிவந்தது.

டர்போ பொத்தானும் பச்சை எண்ணும்

286, 386, 486 என்று எண்களாலேயே பிராசசர்களை அழைத்த காலத்தில் கேபினெட்டின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கணினி பறக்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள். அதன் உண்மையான வேலை வேகத்தைக் குறைப்பது. தொடக்ககால விளையாட்டுகள் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நம்பியே எழுதப்பட்டிருந்தன. வேகமான பிராசசரில் ஓட்டினால் திரையில் பந்து கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாய்ந்துவிடும். டர்போவை அணைத்தால் கணினி தன்னைத் தாழ்த்திக்கொண்டு பழைய நிரல்களுக்கு இடம் கொடுக்கும்.

பொத்தானுக்குப் பக்கத்தில் 33, 66 என்று வேகத்தைக் காட்டும் ஒளி எண்கள் இருக்கும். அவை எதையும் அளப்பதில்லை. அந்தச் சிறு பலகையின் பின்புறம் வரிசையாக ஜம்பர்கள் என்ற சிறு இணைப்பிகள் உண்டு. கணினியைப் பூட்டுபவர் எந்தக் கோடு எரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி வைக்கும் எண்தான் எரியும். இந்த விவரம் தெரிந்தவர்கள் பழைய கேபினெட்டைப் பார்த்ததும் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவார்கள்.

1989-இல் வந்த 486, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. தசம எண் கணக்குகளுக்கான பகுதியும் 8 கேபி துணை நினைவகமும் இந்த வரிசையில் முதன்முறையாகப் பிராசசருக்குள்ளேயே குடியேறின. அதற்கு முன் கணக்குப் பகுதி வேண்டுமென்றால் தனிச் சில்லு வாங்கிப் பக்கத்துச் சாக்கெட்டில் செருக வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து 486 எஸ்எக்ஸ் என்ற மலிவு வகை வந்தது. அதில் கணக்குப் பகுதி செயல்படாதபடி முடக்கப்பட்டிருந்தது. பின்னால் அந்த வசதியைக் கூட்ட விரும்பியவர்களுக்கு 487 எஸ்எக்ஸ் என்ற சில்லை விற்றார்கள். அது முழுமையான ஒரு 486 டிஎக்ஸ். செருகியதும் பழைய பிராசசரை அணைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும்.

பிராசசரின் வேகம் என்றால் என்ன என்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியவைத்தது ஒரு விளையாட்டு. 1993 டிசம்பரில் ‘டூம்’ வெளியானது. 386 வைத்திருந்தவர்கள் காட்சியைத் திரையின் நடுவில் சிறு சதுரமாகச் சுருக்கி ஆடினார்கள். 486 டிஎக்ஸ்2-66 இருந்த வீட்டில் அதே விளையாட்டு முழுத் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. விளம்பரத்தில் படித்த எண் கண்முன் காட்சியாக மாறியது.

கறுப்பும் கறுப்பும் ஒட்டி நிற்க வேண்டும்

இன்றைக்கு ஒரு டெஸ்க்டாப்பைப் பூட்டுவது எளிது. பெரும்பாலான ஒயர்கள் ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும். 1990-களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு பி8, பி9 என்று இரண்டு செருகிகள் அருகருகே வரும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும். சுவிட்சைப் போட்டதும் போர்டு கருகும். இதைத் தவிர்க்க எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்த விதி ஒன்று உண்டு: இரண்டு செருகிகளின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் இதுதான்.

அடுத்து ரேம். 72 பின் கொண்ட சிம் (SIMM) வகை ரேம் அட்டையைச் சாய்வாகச் செருகி, நிமிர்த்தினால் இருபுறமும் உள்ள கொக்கிகள் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். பிறகு ஹார்ட் டிஸ்க். தட்டையான ரிப்பன் கேபிளின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது முதல் பின் இருக்கும் பக்கம் வர வேண்டும். ஃபிளாப்பி டிரைவின் கேபிளைத் திருப்பிச் செருகினால் அதன் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ‘தப்பு பண்ணிட்டே’ என்று சொல்வதற்கு அது போதும். ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் இருந்தால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று நகம் அளவுகூட இல்லாத ஜம்பரைப் பிடுங்கி வைத்துச் சொல்ல வேண்டும். பயாஸில் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை அதன் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும்.

சவுண்ட் கார்டு போட்டால் அது தனிக் கதை. முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்ற மூன்று எண்கள் அந்தத் தலைமுறைக்கு வாய்ப்பாடு மாதிரி. இன்னோர் அட்டை அதே ஐஆர்க்யூவை, அதாவது பிராசசரை அழைக்கும் எண்ணை, பிடித்திருந்தால் ஒலியும் வராது, கணினியும் உறைந்துபோகும். ஒவ்வோர் அட்டையாகக் கழற்றி மாட்டிப் பார்த்துத்தான் சண்டையைத் தீர்க்க வேண்டும். திரையே வராவிட்டால் ஸ்பீக்கரின் ‘பீப்’ ஒலியைக் கேட்டுக் கோளாறைக் கணிக்க வேண்டும். ஒரு சிறு பீப் என்றால் எல்லாம் சரி. அந்த ஒற்றை ஒலிக்காக எத்தனையோ பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்.

பென்டியமும் புணே பிறப்பும்

486-க்கு அடுத்தது 586 என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் வெறும் எண்ணுக்கு வணிகமுத்திரை உரிமை கிடைக்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், போட்டியாளர்களும் அதே எண்ணைப் போட்டு விற்க முடிந்தது. எனவே 1993 மார்ச்சில் வந்த புதிய பிராசசருக்கு இன்டெல் ‘பென்டியம்’ என்று பெயர் வைத்தது. 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள். வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர் புணேயில் பிறந்து டெல்லி பொறியியல் கல்லூரியில் படித்த வினோத் தாம்.

வெளியான மறு ஆண்டே பென்டியம் சோதனையில் சிக்கியது. வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்கள் பற்றிய ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். விடைகள் பொருந்தவில்லை. நிரலைச் சோதித்தார், போர்டைச் சோதித்தார். கடைசியில் பிராசசரிடமே வந்து நின்றார். வகுத்தலுக்குப் பயன்படும் உள் அட்டவணையில் ஐந்து மதிப்புகள் விடுபட்டிருந்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடி 3145727-ஆல் பெருக்கி, அதை 4195835-இலிருந்து கழித்தால் பூஜ்ஜியம் வர வேண்டும். பழுதுள்ள பென்டியத்தில் 256 வந்தது. பள்ளி மாணவரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை அது. உலகமெங்கும் மக்கள் செய்து பார்த்தார்கள். 1994 டிசம்பரில், கேட்டவர்களுக்கெல்லாம் பிராசசரை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. இதற்காக அது ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

வினோத் தாம் 1995-இல் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறு நிறுவனத்துக்குப் போனார். அதை இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி வாங்கியது. நெக்ஸ்ஜென்னின் வடிவமைப்பிலிருந்து 1997-இல் ஏஎம்டி கே6 பிறந்தது. பென்டியத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரின் உழைப்பு அதன் பலமான போட்டியாளருக்குள்ளும் கலந்தது. இரண்டும் செருகப்பட்டதோ சாக்கெட் 7 என்ற ஒரே வகைச் செருகிடத்தில்.

இந்தச் சாக்கெட் 7-ஐப் பற்றிப் பேசும்போது அந்தக் காலத்தில் கணினி பூட்டியவர்கள் பலருக்கும் குரல் நெகிழும். ஒரே போர்டில் இன்டெல் பென்டியம், ஏஎம்டி கே6, சைரிக்ஸ் 6x86 என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வோல்டேஜ் ஜம்பரை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். பென்டியம் எம்எம்எக்ஸுக்கு 2.8 வோல்ட் என்றால் மற்றொன்றுக்கு வேறு அளவு. ஏஎம்டியின் பிற்கால கே6-2 சில்லுகளில் இன்னொரு வசதியும் இருந்தது. போர்டில் 2 மடங்கு என்று ஜம்பர் வைத்தால் பிராசசர் அதை 6 மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 66 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாத பழைய போர்டும் 400 மெகாஹெர்ட்ஸைத் தொட்டுவிடும். கையில் காசு குறைவாக இருந்தவர்களுக்கு அது புதுக் கணினி வாங்கியதற்குச் சமம்.

ரிச்சி தெருவின் கொட்டேஷன்கள்

தமிழ்நாட்டில் இந்தக் கதை அரங்கேறிய இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெரு. ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்த அந்தக் குறுகலான தெருவும், பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருவும் 1990-களில் கணினிப் பாகங்களின் சந்தையாக மாறின. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால் சென்னைக்கு ரிச்சி தெரு.

கம்பெனிக் கணினியின் விலை அன்றைய நடுத்தரக் குடும்பத்தைத் திணறடித்தது. இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டது. 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்த பிறகே அந்த வரிகள் படிப்படியாக இறங்கி 2005-இல் முற்றிலும் நீங்கின. இந்தச் சூழலில் ‘அசெம்பிள்டு’ கணினிதான் பலருக்கும் எட்டும் கனி. ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி, அதை அடுத்த கடையில் காட்டி, ‘அண்ணே, 64 எம்பி ரேமுக்கு இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்று பேரம் பேசிப் பட்டியலை நாலைந்து முறை திருத்தினார்கள். பிராசசரில் மிச்சம் பிடித்து ரேமில் போடுவதா, கலர் மானிட்டர் 14 அங்குலம் போதுமா என்றெல்லாம் வீட்டில் விவாதம் நடந்தது. சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ கீபோர்டு பட்டியலில் இருந்தால் அது கௌரவம். அதன் ‘டக் டக்’ ஓசை இன்றும் பல அலுவலகங்களில் கேட்கிறது.

ஊருக்கு ஊர் கணினி பூட்டத் தெரிந்த ஓர் இளைஞர் உருவானார். வீட்டிலிருந்தபடியே பூட்டிக் கொடுத்து, பழுது பார்த்து, விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துப் பிழைப்பை நடத்தியவர்கள் ஏராளம். கல்யாணப் பத்திரிகை அடித்த டிடிபி சென்டர்களும், தமிழ்நாட்டை இணையத்துக்கு அறிமுகப்படுத்திய பிரவுசிங் சென்டர்களும் இந்த அசெம்பிள்டு கணினிகளின் முதுகில்தான் எழுந்தன. கல்லூரியில் படித்தறியாத கணினிப் பொறியியலைக் கையால் கற்ற அந்தத் தலைமுறைக்கு இன்னும் உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை.

பென்சிலால் திறந்த பூட்டு

2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. நொடிக்கு நூறு கோடித் துடிப்புகள் என்ற எல்லையை முதலில் தொட்டது, அதுவரை இரண்டாம் இடத்திலேயே இருந்த நிறுவனம்.

அதே ஆண்டு ஜூனில் வந்த புதிய அத்லான், டியூரான் பிராசசர்களின் பீங்கான் மேற்பரப்பில் ‘எல்1’ என்ற பெயரோடு சில குட்டிப் புள்ளிகள் இருந்தன. ஏஎம்டி அவற்றுக்கிடையிலான இணைப்பை வெட்டியிருந்தால் பெருக்கல் எண் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். புள்ளிகளுக்கு நடுவே பென்சிலால் நாலு கோடு கிழித்தால் பூட்டுத் திறந்துவிடும்! பள்ளிக்கூடப் பென்சிலால் பிராசசரின் வேகத்தை மாற்றிய காலம் அது. அடுத்த ஆண்டு வந்த அத்லான் எக்ஸ்பியில் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே லேசரால் குழி தோண்டிவிட்டார்கள். ஆர்வலர்கள் குழியைப் பசையால் நிரப்பி, மேலே கடத்தும் வண்ணம் பூசித் தொடர்ந்தார்கள்.

ஆபத்துகளும் இருந்தன. அந்தப் பிராசசர்களின் சிலிக்கான் மேல் உலோக மூடி கிடையாது. ஹீட்சிங்க்கின் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்டும்போது கொஞ்சம் சாய்ந்தால் சிலிக்கானின் மூலை உடையும். கை வழுக்கினால் போர்டின் செம்புத் தடங்கள் அறுபடும். ஒரு மாதச் சம்பளம் ஒரு நொடியில் போய்விடும்.

வேகம் நின்ற இடம்

1993-இல் 66 மெகாஹெர்ட்ஸ். 2003-இல் பென்டியம் 4 தொட்டது 3,200 மெகாஹெர்ட்ஸ். பத்தே ஆண்டுகளில் சுமார் 48 மடங்கு! மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிய கணினியில் புதிய மென்பொருள் ஏறாது என்ற நிலை அப்போது இயல்பு. பிறகு வெப்பம் குறுக்கே வந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு தாங்க முடியாத சூட்டில் தகித்தது. 2004-இல் இன்டெல் அடுத்த பென்டியம் 4 திட்டமான தேஜாஸையே கைவிட்டது. ஒரு சில்லுக்குள் பல மூளைகளை வைக்கும் புதிய பாதை தொடங்கியது. இருபது ஆண்டுகள் கழித்து இன்றும் மிக வேகமான டெஸ்க்டாப் பிராசசர் 6 கிகாஹெர்ட்ஸ் அளவில்தான் நிற்கிறது. திறன் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அன்று ஒரு பிராசசரை மாற்றியதும் கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தை இன்று காண்பது அரிது. ஏக்கத்துக்கு இது இரண்டாவது காரணம்.

பழைய காலத்தைச் சொர்க்கமாகக் காட்ட வேண்டியதில்லை. விலை அதிகம், உறைந்துபோவது அன்றாடம், ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதானால் வருடக்கணக்கான வேலை போய்விடும். இன்றைய கணினிகள் எல்லா வகையிலும் நம்பகமானவை. ஆயினும் ரேமும் சேமிப்பகமும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட மெல்லிய லேப்டாப்புகளில் உரிமையாளர் செய்ய எதுவும் மிச்சமில்லை. பொருளைப் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் இந்திய அரசே ஒரு தளத்தைத் தொடங்க வேண்டிய நிலை வந்தது. முன்பு கேட்காமலே கையில் இருந்த உரிமை அது.

மிஞ்சியவற்றைக் காப்பது

பழைய சில்லுகள் எதிர்பாராத இடங்களிலும் உழைத்தன. 1999 டிசம்பரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு விண்வெளி வீரர்கள் பொருத்திய புதுக் கணினியின் இதயம் 25 மெகாஹெர்ட்ஸ் 486. பூமியில் அது பழசாகிவிட்டிருந்தது. விண்ணில் ஹப்பிளின் முந்தைய கணினியைவிட 20 மடங்கு வேகம். 2002-இல் விண்கலச் சோதனைக் கருவிகளுக்காக நாசாவே பழைய 8086 சில்லுகளை இணைய ஏலத்தில் தேடிய செய்தி வெளியானது. 386, 486 சில்லுகளின் உற்பத்தியை இன்டெல் 2007 செப்டம்பரில்தான் நிறுத்தியது.

அதன்பின் இருப்பவை மட்டுமே மிச்சம். அவற்றுக்கு மூன்று எதிரிகள். முதலாவது தங்கம். பழைய பீங்கான் பிராசசர்களின் பின்களில் தங்க முலாம் உண்டு. 1995-இல் வந்த பென்டியம் புரோ இதற்காகவே காயலான் கடைகளில் தேடப்படுகிறது. அமிலத்தில் போட்டுத் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். சில்லும் அழிகிறது, செய்பவரின் உடலும் கெடுகிறது. இரண்டாவது பேட்டரி. 386, 486 போர்டுகளில் பற்றவைக்கப்பட்ட உருளை வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி காலப்போக்கில் கசிந்து, சுற்றியுள்ள செம்புத் தடங்களை அரித்துத் தின்கிறது. மூன்றாவது கெப்பாசிட்டர். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல போர்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் தலை உப்பி வெடித்தன. சால்டரிங் தெரிந்தவர் புதியதை மாற்றினால் போர்டு உயிர்பெறும்.

உண்மையான சில்லு கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. டாஸ்பாக்ஸ், 86பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இன்றைய லேப்டாப்புக்குள் ஒரு 486-ஐயோ பென்டியத்தையோ அப்படியே நடத்திக் காட்டுகின்றன. 86பாக்ஸில் மதர்போர்டு, ரேம், சவுண்ட் கார்டு என்று ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கணினி எப்படி இயங்குகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல கருவி குறைவு.

வாசகர்கள் வீட்டுப் பரணில் பழைய கேபினெட் ஒன்று கிடக்கலாம். அதை இரும்பு விலைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். எடுத்த எடுப்பில் மின்சாரம் கொடுக்க வேண்டாம். முதலில் பேட்டரியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஸ்க்ரூடிரைவரை அவர்கள் கையில் கொடுங்கள். எது பிராசசர், எது ரேம், எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவர்களே தேடட்டும். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அருகிலுள்ள பொறியியல் கல்லூரிக்கோ ஐடிஐக்கோ கொடுங்கள். பாடம் நடத்த உதவும். அதற்கும் வழியில்லை என்றால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிலையத்தில் மட்டும் ஒப்படையுங்கள். அந்தச் சில்லுகளை இனி எந்தத் தொழிற்சாலையும் செய்யப்போவதில்லை.